தாயை ஒரு வாசலுக்கும் பிள்ளையை இன்னொரு வாசலுக்கும் அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி ஆணையர்களுக்கும், மாவட்டக் காசநோய்ப் பிரிவுத் துணை இயக்குநர்களுக்கும், குழந்தைகள் நலக் குழுவினருக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்:

நான்கு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறோம். தனித்தனியாக எழுதினால் “இது எங்கள் துறை இல்லை” என்கிற ஒரே பதில்தான் நான்கு உறைகளில் வரும்.

எங்களை எழுத வைத்தது இது. சாலையோரத்தில் இருக்கும் ஒரு தாய்க்குக் காசநோய் என்று தெரியவருகிறது. கூட இருப்பது பன்னிரண்டு வயது மகன் மட்டும். மீட்பு வண்டி வருகிறது. தாய் மகளிர் தங்குமிடத்துக்குப் போகிறார், மகன் சிறுவர் இல்லத்துக்குப் போகிறான். “இருவரும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டனர்” என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு நடப்பதுதான் எங்கள் கண்ணில் படுகிறது. பையன் இல்லத்திலிருந்து ஓடி வருகிறான். மகனைக் காணாமல் தாயும் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறார். பழைய பிளாட்பாரத்திலேயே இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். நடுவில் பத்துப் பதினைந்து நாள் மாத்திரை விட்டுப்போயிருக்கும். அடுத்த தடவை வண்டி வரும்போது இருமலை எப்படி அடக்குவது என்று அம்மாவுக்குப் பையனே சொல்லிக் கொடுத்திருப்பான்.

இதில் எந்தத் தனி ஊழியர் மீதும் நாங்கள் பழி போடவில்லை. அவர் விதிப்படி நடந்துகொள்கிறார். மகளிர் தங்குமிடத்தில் ஓரளவு வளர்ந்த பையனுக்கு அனுமதி கிடையாது. வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது, கேட்டால் எழுத்தில் காட்ட ஆளில்லை. ஆண்கள் தங்குமிடத்தில் மகளோடு வரும் தகப்பனுக்கு இடமே கிடையாது. குடும்பமாக வந்தவர்களை வாசலிலேயே ஆண், பெண், சிறுவர், சிறுமி என்று பிரித்துப் போடும் ஏற்பாடு இது. பிரிய மனமில்லாதவர்கள் வெளியே படுக்கிறார்கள். “கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தெருதான் பிடிக்கும்” என்று உங்கள் கூட்டங்களில் சொல்லப்படுவது இவர்களைப் பற்றித்தான்.

சென்னையில் வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை, எழும்பூர் என்று எங்கே போனாலும், மற்ற ஊர்களில் எந்த ரயிலடிக்குப் போனாலும், இப்படிப்பட்ட பிள்ளையை ஒரு கட்டைப்பையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். மடிப்பில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய ஓ.பி. சீட்டு. கவருக்குள் கவர் போட்டு, அதற்குள் மாத்திரை அட்டைகள். நிக்‌ஷய் எண், அதாவது அரசின் காசநோய்ப் பதிவில் நோயாளிக்குக் கொடுத்த எண், எழுதிய துண்டுச் சீட்டு. அம்மாவின் ஆதார் நகல், சில சமயம் நகலின் நகல். மூடி போட்ட சளி டப்பா. பெரிய உறையில் எக்ஸ்ரே படம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு நோட்டு. பள்ளிப் பை என்று தனியாக எதுவும் கிடையாது. எக்ஸ்ரே படத்தை மடிக்கக் கூடாது என்பது பிள்ளைக்குத் தெரியும். தலைக்கு அடியில் வைத்தால் வளைந்துவிடும், கால்மாட்டில் வைத்தால் மழைத் தண்ணீர் பட்டுவிடும். அதனால் ராத்திரி கடை ஷட்டருக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்துவிட்டு, கடைக்காரர் வருவதற்குள் எழுந்து எடுத்துக்கொள்ளும். சளி டப்பாவுக்கும் ஒரு முறை உண்டு. பரிசோதனைக்குக் கேட்கும் இரண்டு மாதிரிகளில் ஒன்று, காலையில் கண் விழித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து காறி எடுப்பது. எச்சிலாக இருந்தால் ஆய்வகத்தில் திருப்பிவிடுவார்கள். “எச்சில் வேணாம்மா, ஆழமா இரும்பு” என்று முதுகைத் தட்டிக்கொண்டே டப்பாவைப் பிடிப்பது அந்தப் பிள்ளைதான்.

மாத்திரையின் கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துணை இயக்குநர்களுக்கு இது பாடம், மற்றவர்களுக்குத்தான் சொல்கிறோம். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. தினமும் போட வேண்டும். நோயாளியின் எடை 35 கிலோவிலிருந்து 49 கிலோ வரை என்றால் நாளுக்கு மூன்று மாத்திரை. தெருவில் இருக்கும் பெண்களில் பலர் இந்தக் கட்டத்தில் வருவார்கள், சிலர் அதற்கும் கீழே இருப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் போட்டால் மருந்து நன்றாக ஏறும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ராத்திரியும் சாப்பிட்டிருந்தால்தான் அந்தப் பேச்சு பொருந்தும். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து காய்ந்த வயிற்றில் மூன்று மாத்திரை விழுந்தால் குமட்டிக்கொண்டு வரும். எனவே பிள்ளை என்ன செய்கிறது என்றால், காலை ஏழு மணிக்கு அம்மா உணவகம் திறக்கும்போது வரிசையில் நின்று, ஒரு ரூபாய் இட்லி நாலு வாங்கி வந்து, மாத்திரையைக் கொடுத்து, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாந்தியில் மாத்திரையும் வந்துவிட்டால் மறுபடி கொடுப்பதா, விட்டுவிடுவதா? அந்த முடிவையும் அதே பிள்ளைதான் எடுக்கிறது. பள்ளி மணி அடித்து அரை மணி ஆகியிருக்கும்.

(அம்மாவுக்கு இட்லி வாங்கிய பிள்ளை தான் சாப்பிட்டதா என்று கேட்டுவிடாதீர்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. தங்கைக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு, ஆறாம் வகுப்பு அக்காவுக்கு மத்தியானம் வரைக்கும் தண்ணீர்தான்.)

சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே இன்னொன்று நடக்கும். மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும். அது மருந்தின் நிறம், பயப்பட எதுவும் இல்லை. ஆனால் இதை நோயாளியிடம் சொல்பவர்கள் பிள்ளையிடம் சொல்வதில்லை. எழுந்து நடக்க முடியாத அம்மாவைக் கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போவது பிள்ளை, அந்த நிறத்தை முதலில் பார்ப்பதும் பிள்ளை. ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை ஒளித்து வைத்துவிடும். அதற்கு நேர்மாறாக, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரியாமல் போகும். கண் வெள்ளை மஞ்சளித்தால் ஈரல் பாதிக்கப்படுகிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போனாலோ அதே மாத்திரையில் இருக்கும் எத்தாம்பியூட்டால் என்ற மருந்து வேலையைக் காட்டுகிறது. பாதம் மரத்துப்போனால் அதற்குத் தனி வைட்டமின் மாத்திரை உண்டு. இந்த நான்கு வரியைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். அச்சடித்தால் பாதிப் பக்கம்கூட வராது. நோயாளி அப்பா என்றால், அவர் குடிப்பவர் என்றால், சொல்லியும் பயனில்லை. சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஈரல் தாங்காது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், பாட்டிலைப் பிடுங்க அதன் கையில் பலம் இருக்காது.

இப்போது லாரி விஷயத்துக்கு வருகிறோம். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று, முக்கியப் பிரமுகர் வரும் முன்பும் விழாக் காலத்திலும், விடிகாலையில் சாமான்களை அள்ளிப் போகிறார்கள். அள்ளுகிறவருக்கு அது குப்பை மூட்டை. கட்டைப்பையும் அதோடு போய்விடுகிறது. மாத்திரையை மறுபடி வாங்கலாம்தான். அதற்கு நிக்‌ஷய் எண் எழுதிய சீட்டு வேண்டும், அதுவும் அந்தப் பையில்தான் இருந்தது. எண் தெரியாவிட்டால் பெயரையும் பதிவு செய்த கைபேசி எண்ணையும் வைத்துத் தேடலாம். கைபேசி போன மாதமே திருட்டுப் போயிருக்கும். சிகிச்சை பெற்ற மையம் எது என்று அம்மாவுக்குக் காய்ச்சலில் ஞாபகம் வராது, பிள்ளைக்கு “ரெண்டு மாடி, பச்சை கேட்டு” என்பதுதான் தெரியும். இப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு வாரமும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. மருந்துக்கு அசராத காசநோய் இப்படியும் பிறக்கிறது. அதற்கான மருந்துகள் இதைவிடக் கடுமையானவை, கண்காணிப்பும் அதிகம். ஒரு லாரி ஓட்டத்தில் எவ்வளவு செலவை அரசின் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தங்குமிடத்துக்கே வருவோம். நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், வருடம் முழுக்க, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. அதன் பின்னால் 2013இல் மத்திய அரசு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டது. ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று அதில் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஆய்வுக்கு வரும்போது அளக்கிறீர்கள். அதே நெறிமுறைகளில் ஆண்களுக்கான தங்குமிடம், பெண்களுக்கான தங்குமிடம் என்பதோடு குடும்பத் தங்குமிடம் என்று ஒரு வகையும் இருக்கிறது. சிறப்புத் தங்குமிடங்கள் என்ற வகையில், நோயிலிருந்து தேறி வருபவர்களும் அவர்களுடைய குடும்பமும் என்றே சொல்லியிருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகத் தாளில் இருப்பதைக் கட்டடமாக்குங்கள் என்கிறோம்.

“காசநோய்க்காரரைப் பொதுத் தங்குமிடத்தில் வைத்தால் மற்றவர்களுக்குத் தொற்றாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பதிலும் இருக்கிறது. சாதாரணக் காசநோயில், சரியான மருந்து தொடங்கித் தவறாமல் போட்டால், இரண்டு வாரத்திலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்கு அசையாத வகையா என்பதை சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் தொடக்கத்திலேயே காட்டிவிடும். அந்த இரண்டு வாரம் வேண்டியது தனி அறை, எதிரெதிராகத் திறக்கும் இரண்டு ஜன்னல்கள், முகக்கவசம், மூடியுள்ள துப்பும் பாத்திரம். ஏசி வேண்டாம், மூடிய கதவும் வேண்டாம், காற்று ஓடினால் போதும். ஆனால் தங்குமிட வாசலில் இருப்பவருக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை. நான்காம் மாத மாத்திரையில் இருப்பவரையும் “டி.பி. கேஸ்” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அதனால்தான் தங்குமிடத்துக்குப் போகும் குடும்பங்கள் வாசலுக்கு முன்னாலேயே மாத்திரையை மறைத்துவிடுகின்றன. உள்ளே மறைத்து வைத்த மாத்திரையை எல்லார் முன்னாலும் விழுங்க முடியாது, விட்டுப்போகிறது. நோயாளியைத் தெரிந்தே உள்ளே வைத்துக்கொள்வது, தெரியாமல் வைத்துக்கொள்வதைவிட உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

நோய் முற்றிப்போய்ப் படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் பிள்ளையின் பாடு இன்னும் மோசம். 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். நோயறிந்தவுடனேயே எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது வரை பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கும் ஏற்பாடு அது. உயிர்கள் மிஞ்சுகின்றன. ஆனால் அந்த மதிப்பீட்டோடு “கூட யார் இருக்கிறார்கள்?” என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனை நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும், வயதுவந்த உடனிருப்பவருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்கும். பதினோரு வயதுப் பிள்ளை நோயாளியும் இல்லை, உடனிருப்பவரும் இல்லை. பார்வை நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பப்படும். சென்னையில் வடக்குப் பக்கத்து நோயாளியைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தால், சாயங்காலம் அந்தப் பிள்ளை தனியாக மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, அம்மா இல்லாத பிளாட்பாரத்துக்குத் திரும்பும். அங்கே ராத்திரி அதற்கு என்னென்ன நடக்கலாம் என்பதை இங்கே விரித்து எழுத எங்களுக்கு மனமில்லை. ஒரு பெண் பிள்ளையை வைத்து நினைத்துப் பாருங்கள். இதற்குப் பயந்தே தாய்மார்கள் சேர மறுக்கிறார்கள், சேர்ந்தாலும் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். உங்கள் பதிவேட்டில் அது “மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார்” என்று ஏறுகிறது.

பணத்தைப் பற்றி. நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. முதலில் 3,000, பாதிச் சிகிச்சை தாண்டியதும் இன்னொரு 3,000. நல்ல தொகைதான், சத்துள்ள சாப்பாட்டுக்கு என்றே கொடுப்பது. வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குத் தொடங்க முகவரி கேட்பார்கள். பழைய கணக்கு இருந்தால் ஆதார் இணைப்பு இருக்காது, அல்லது பல வருடம் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும். அதை எழுப்ப வங்கிக்கு நேரில் வர வேண்டும். 38 கிலோ எடையில் மூச்சு வாங்கும் பெண்ணை வரிசையில் நிறுத்தி ரேகை வைக்கச் சொன்னால், தேய்ந்த விரலில் ரேகை விழாது. சிகிச்சை முடிந்த பிறகு பணம் வந்த குடும்பங்களும் உண்டு.

முகவரி என்று கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். வீடில்லாதவருக்கு வாக்குரிமை கொடுக்கத் தேர்தல் ஆணையம் ஒரு வழி வைத்திருக்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், படிவத்தில் சொன்ன இடத்தில் அவர் படுத்திருக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். ஓட்டுக்கு ஒப்புக்கொள்ளப்படுகிற பிளாட்பாரம், குடும்ப அட்டைக்கும் வருமானச் சான்றுக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் மட்டும் ஏன் ஆகாமல் போகிறது?

பிள்ளைக்கும் தொற்றியிருக்கலாம், அதைப் பார்க்க வேண்டாமா? நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பின் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தினமும் ஐசோனியாசிட், ஆறு மாதம். பெரிய பிள்ளைகளுக்கு வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு வாரத்தில் முடியும் மருந்தும் வந்திருக்கிறது. படிவத்தில் “வீட்டிலுள்ளோர்” என்று இருக்கிறது. வீடே இல்லாதவரிடம் அந்தக் கட்டம் காலியாக விடப்படுகிறது. ஒரே போர்வைக்குள் அம்மாவின் நெஞ்சோடு ஒட்டிப் படுத்து ராத்திரி முழுக்க அந்த மூச்சையே சுவாசிக்கும் பிள்ளையைவிட நெருங்கிய தொடர்பு வேறு யார்? பிள்ளையின் எடை கூடாமல் நிற்பதும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ விடாமல் இருப்பதும் அடையாளங்கள். சின்னப் பிள்ளைக்குச் சளி வெளியே வராது, விழுங்கிவிடும். டப்பாவைக் கையில் கொடுத்துக் காத்திருந்து பிரயோசனமில்லை. குழந்தைகள் மருத்துவரிடம் அனுப்பி, இரைப்பை நீரிலிருந்தாவது மாதிரி எடுக்க வேண்டும்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்றோ, வருடத்தின் நடுவில் வந்தார்கள் என்றோ, மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. பெரும்பாலான தலைமை ஆசிரியர்களுக்கு இது தெரியும், சேர்த்தும் கொள்கிறார்கள். சிக்கல் சேர்ந்த பிறகு வருகிறது. தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிற்க வைப்பது, மருந்து வாங்கப் போன நாளுக்கு “அப்பா அம்மாவைக் கூட்டி வா” என்பது, ஊரார் முன்னால் “உங்க அம்மாவுக்கு என்ன நோய்” என்று கேட்பது. கடைசிக் கேள்வி கேட்கப்பட்ட மறுநாள் அந்தப் பிள்ளை வராது. வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரிந்து, மருந்து வாங்கும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் வருகையை அனுசரித்தால் போதும். பல ஆசிரியர்கள் சொல்லாமலே இதைச் செய்கிறார்கள்.

குழந்தைகள் நலக் குழுவினருக்கு இனி. 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் வீடோ நிலையான இருப்பிடமோ பிழைப்போ இல்லாமல் காணப்படும் குழந்தை, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உடனே இல்லத்துக்கு ஆணை எழுதிவிடுகிறீர்கள். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே என்ற கொள்கையும் இருக்கிறது. 37ஆம் பிரிவு நிதியாதரவு ஆணை, அதாவது பிள்ளையைக் குடும்பத்தோடே வளர்க்க உதவித்தொகை தரும் ஆணை, பிறப்பிக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. 45ஆம் பிரிவு, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோய்க்கு ஆளாகியிருப்பதையே நிதியாதரவுக்கான காரணங்களில் ஒன்றாக வைக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அந்த நிதியாதரவு மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 96,000 ரூபாய்க்குள் இருந்தால் கொடுக்கலாம். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவை இந்தத் தொகையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்று இல்லை என்று விண்ணப்பம் தேங்குவதுதான் வழக்கம். பிளாட்பாரத்தில் இருப்பவரின் வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டுமோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறதா? உங்கள் சமூகப் பணியாளரின் விசாரணை அறிக்கையே போதும் என்று கலெக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல் இருப்பது நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வேலையை அதன் கையிலிருந்து வாங்கியே ஆக வேண்டும். அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாங்குங்கள். காட்டாமல் வாங்கினால் ஓடிவிடும். இல்லத்தில் வைத்தேதான் ஆக வேண்டும் என்றாலும், அம்மா எந்த வார்டில் இருக்கிறார், என்றைக்குப் பார்க்கலாம், யாரிடம் போனில் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி ஓட்டம் நிற்கும். மனநோய் உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் இதுவே. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லாததால், உங்கள் ஆணையில்தான் வழி இருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்.

ஆணையர்கள்: இருக்கும் தங்குமிடங்களில் மாநகராட்சிக்கு ஒன்றையாவது, பெரிய மாநகரமானால் மண்டலத்துக்கு ஒன்றையாவது, குடும்பத் தங்குமிடமாக மாற்றுங்கள். புதுக் கட்டடம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், கூடத்தைத் தடுத்துக் கதவு போட்டாலே குடும்பத்துக்கு ஓர் அறை கிடைக்கும். அதில் இரண்டு அறையாவது வெளிக்காற்று வரும் ஜன்னலோடு, சிகிச்சையின் முதல் இரண்டு வாரத்தில் இருப்பவருக்கென்று இருக்கட்டும். காசநோய்ச் சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டு வாசலில் ஒட்டுங்கள். மகன், மகள் வயது வரம்பையும் எழுத்தில் வெளியிடுங்கள். பிளாட்பாரத்தில் சாமான்களை அகற்றும்போது மருந்து, மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை, பள்ளிப் புத்தகம் உள்ள பையைத் தொடக் கூடாது. தவறி எடுத்துவிட்டால் அதே நாளில் திருப்பித் தர, வார்டு அலுவலகத்தில் ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும். ஆதாருக்கான முகவரிச் சான்றாகத் தங்குமிடப் பொறுப்பாளரின் சான்றிதழ் ஏற்கப்படுகிறது. அதைக் கேட்பவருக்கு மூன்று நாளில் கொடுக்கச் சொல்லுங்கள்.

துணை இயக்குநர்கள்: நோயாளியைப் பதிவு செய்யும் நாளிலேயே “இரவில் எங்கே படுக்கிறீர்கள், கூட எந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளை இருந்தால், அன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும், வண்டி அனுப்புவதற்காக அல்ல, நிதியாதரவு விண்ணப்பத்துக்காக. வீடற்ற நோயாளிக்கு ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கையில் கொடுக்காமல் வாராவாரம் கொடுங்கள், அல்லது அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக் கொடுங்கள். நிக்‌ஷய் எண்ணைச் சீட்டில் மட்டும் எழுதாமல், தங்குமிடத்திலும் அந்த நிலையத்திலும் ஒரு நகல் வையுங்கள். உடனிருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் கிடைத்ததா என்பதை நோயாளியின் அட்டையிலேயே குறியுங்கள். சிவப்புச் சிறுநீர், மஞ்சள் கண், மங்கும் பார்வை, மரக்கும் பாதம் ஆகியவை பற்றிப் படம் போட்ட அட்டை ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பின்பக்கத்தில் கூப்பிட வேண்டிய எண் இருக்கட்டும். வங்கியை நோயாளியிடம் வரவழைத்துக் கணக்குத் திறக்கும் ஏற்பாட்டை முதல் மாதத்திலேயே முடியுங்கள்.

குழந்தைகள் நலக் குழுவினரும் பாதுகாப்பு அலுவலர்களும்: பெற்றோர் நோயாளி என்பதால் மட்டும் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆணையிலும், குடும்பத் தங்குமிடமும் நிதியாதரவும் ஏன் சாத்தியப்படவில்லை என்று காரணம் எழுதுங்கள். பெற்றோர் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு மட்டும், அதே மருத்துவமனைக்குப் பக்கத்தில் பிள்ளைக்குக் குறுகிய காலத் தங்கலும், வாரம் இரண்டு தடவையாவது சந்திப்பும் ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் வீடு திரும்பும் தேதியை மருத்துவமனை உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று பிள்ளையை ஒப்படைக்கும் இடம் பிளாட்பாரமாக இருக்கக் கூடாது. தேங்கிக் கிடக்கும் நிதியாதரவு விண்ணப்பங்களில், வருமானச் சான்றுக்காக மட்டும் நிற்பவற்றைப் பிரித்தெடுத்து முதலில் தீருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். குடும்ப அறைகள் எத்தனை, எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில் திறக்கும் என்பதைச் செப்டம்பர் முடிவதற்குள் எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குடும்பங்களை நாங்களே அழைத்து வந்து சேர்க்கிறோம்.

இப்படிக்கு,
சாலையோரக் குடும்பங்களோடு வேலை செய்யும் களப்பணியாளர்கள், சுகாதாரப் பார்வையாளர்கள், ஆசிரியர்கள்